உவர்மலை வரை வந்த மரம்

குப்பி சுண்டுவிரல் உயரம்தான். மண்ணிறக் கண்ணாடி, இறப்பர் மூடி, அதைச் சுற்றி அலுமினிய வளையம். உள்ளே ஐந்து மில்லிலீற்றர் தெளிந்த இளமஞ்சள் திரவம். வெளிச்சம் படாமல் வைக்கச் சொல்லிப் பெட்டியில் அச்சடித்திருக்கும். லேபிளில் உள்ள பெயர் ஐரினோடீக்கன், அளவு 100 மில்லிகிராம். தாதி அதை ஊசியால் உறிஞ்சி டெக்ஸ்ட்ரோஸ் பைக்குள் கலந்து தொங்கவிட்டால், ஒன்றரை மணித்தியாலத்தில் முழுவதும் நோயாளியின் நாளத்துக்குள் இறங்கிவிடும்.

திருகோணமலை உவர்மலையில் எங்கள் ஒழுங்கையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு இந்த மருந்துதான் ஏறிக்கொண்டிருக்கிறது. அரச பெயர்ப்பலகைகளில் ஓர்ஸ் ஹில் என்றிருக்கும் அதே மேடுதான், கீழே உட்துறைமுகம். அவருக்குச் சதையியில் தொடங்கிய புற்றுநோய் ஈரலிலும் படிந்திருந்தது. 'கீமோ' என்ற சொல் இன்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பைக்குள் இருப்பது என்ன என்று கேட்பவர்கள் குறைவு. அவருடைய மகள் கேட்டாள்: "அண்ணா, இந்த மருந்த எதில இருந்து செய்யிறாங்கள்?" மரத்திலிருந்து என்றேன். அவள் நம்பவில்லை. இரண்டு வரியில் நம்ப வைக்கக்கூடிய கதையும் அல்ல அது.

சீனாவின் தென்பகுதியில் வளரும் கம்ப்டோதீக்கா அக்குமினாற்றா என்ற மரத்தில் கதை தொடங்குகிறது. அதன் விதைகள் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவுக்குப் போயின. கலிபோர்னியாவில் சீக்கோ என்ற ஊரில், அந்நாட்டு விவசாயத் திணைக்களத்தின் தோட்டத்தில் அவை மரங்களாகி நின்றன. 1950-களில் அதே திணைக்களத்தின் பிலடெல்பியா ஆய்வுகூடத்தில் மன்ரோ வோல் என்ற இரசாயனவியலாளர் தாவரச் சாறுகளை ஆயிரக்கணக்கில் சேர்த்துச் சோதித்துக்கொண்டிருந்தார். அவர் தேடியது கோர்ட்டிசோன் செய்ய உதவும் ஸ்டீரொயிட்டுகளை. புற்றுநோய் அவர் வேலையே அல்ல. தேசியப் புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த ஜொனதன் ஹார்ட்வெல் அந்தச் சாறுகளைத் தங்கள் சோதனைக்கும் தரும்படி கேட்டார். வோல் ஏறத்தாழ ஆயிரம் சாறுகளை அனுப்பினார். அவற்றில் சீக்கோ மரத்தின் சாறு எலிகளின் கட்டிகளுக்கு எதிராகத் தனித்து நின்றது.

அதற்குப் பிறகும் மரம் சும்மாதான் கிடந்தது. 1960-ல் வோல் வட கரோலினாவின் ரிசர்ச் ற்றயங்கிள் நிறுவனத்துக்கு மாறிய பிறகே அதற்கு மறுபடி நேரம் கிடைத்தது. அங்கே அவருடன் சேர்ந்தவர் மன்சுக் வாணி. மகாராஷ்டிராவின் நந்துர்பாரில் 1925-ல் பிறந்தவர். இருவரும் மரத்தைச் சீவி, ஊறவைத்து, பிரித்துப் பிரித்து, கடைசியில் இளமஞ்சள் ஊசிப் படிகங்களாக ஒரு பொருளை எடுத்தார்கள். கம்ப்டோதெசின் என்று பெயரிட்டு, 1966-ல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். ஐந்து ஆண்டு கழித்து, 1971-ல், பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து டக்சோலின் அமைப்பை வெளியிட்டவர்களும் இதே இருவர்தான். இன்று சதையிப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் இரண்டு முக்கிய மருந்துக் கூட்டுகளில் ஒன்று கம்ப்டோதெசின் வழி வந்தது, மற்றது டக்சோல் வழி வந்தது. ஒரே ஆய்வுகூடத்தின் இரண்டு மரங்கள்.

கம்ப்டோதெசின் மூலக்கூறு ஐந்து வளையங்கள் ஒட்டியது. ஐந்தாவது வளையத்தில்தான் அதன் உயிர் இருக்கிறது. லக்ரோன் என்ற அந்த வளையம் மூடியிருந்தால் மருந்து வேலை செய்யும், திறந்துவிட்டால் செய்யாது. ஆனால் மூடிய வடிவம் தண்ணீரில் கரைய மறுக்கும், கரையாத பொருளை நாளத்துக்குள் ஏற்ற முடியாது. அந்தக் கால ஆய்வாளர்கள் காரம் சேர்த்துச் சோடியம் உப்பாக்கினார்கள். நன்றாகக் கரைந்தது, வளையமும் திறந்துகொண்டது. அதையே நோயாளிகளுக்கு ஏற்றினார்கள். இரத்தத்தில் அது பெரும்பாலும் திறந்த வடிவிலேயே ஓடியதால் கட்டியை அவ்வளவாகத் தொடவில்லை. சிறுநீர் அமிலத்தன்மை உடையது. அங்கே போய்ச் சேர்ந்ததும் வளையம் மறுபடி மூடிக்கொண்டது. மருந்து விழித்தெழுந்த இடம் நோயாளியின் சிறுநீர்ப்பை. இரத்தமாகச் சிறுநீர் போன நோயாளிகளைப் பார்த்துவிட்டு, 1970-களின் தொடக்கத்தில் பரிசோதனைகளை நிறுத்தினார்கள். மருந்து பொய்யாகிப் போகவில்லை. தவறான வடிவத்தில், தவறான வாசலில் போய் நின்றது. இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; உவர்மலையிலும் இதே சிக்கல் வேறு உருவில் வரும்.

அமெரிக்காவில் கதவு மூடிக்கொண்டிருந்த அதே காலத்தில் நம் பக்கத்தில் ஒரு கதவு திறந்தது. சென்னைக்காரர் தி. ஆர். கோவிந்தாச்சாரி (1915–2001) பிரசிடென்சி கல்லூரியில் இரசாயனப் பேராசிரியராக இருந்து, பிறகு பம்பாய் கோரேகாவில் சீபா ஆய்வு மையத்தின் இயக்குநராகப் போனவர். இந்தியத் தாவரங்களின் அல்கலோயிட்டுகளைத் தோண்டியெடுப்பதில் அவருக்கு இணையாகச் சொல்ல அந்தத் தலைமுறையில் அதிகம் பேர் இல்லை. 1972-ல் அவரும் என். விஸ்வநாதனும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு சிறு மரத்தில் கம்ப்டோதெசின் இருப்பதை வெளியிட்டார்கள். அன்று அதன் பெயர் மாப்பியா ஃபீற்றிடா, இன்றைய பெயர் நோதபோடைற்றிஸ் நிம்மோனியானா. மராட்டியில் நரக்யா என்பார்கள். பூத்தால் நாறும் மரம், விறகுக்கும் பெரிதாக எடுபடாது. சீன மரத்துக்கும் இதற்கும் நெருங்கிய உறவு கிடையாது. ஆனால் இதன் காய்ந்த தண்டிலும் வேரிலும் ஆயிரத்தில் மூன்று பங்கு அளவுக்கு அந்தச் சத்து இருந்தது. வணிகத்துக்கு அது பெரிய அளவு. மகாபலேஸ்வரத்திலிருந்து ஊட்டி வரையுள்ள காடுகளில் அது நின்றது. இலங்கையிலும் உண்டு.

இலங்கையிலேயே இன்னொரு செடியும் இந்தக் கதைக்குள் வருகிறது. பாம்புக்கடிக்கு நாட்டு வைத்தியர்கள் தேடும் கீரிப்பூண்டு, ஒஃபியோறைசா முங்கோஸ். இதிலும் கம்ப்டோதெசின் இருப்பது 1976-ல் வெளியானது. அளவு மிகச் சொற்பம். அதைப் பிடுங்கி அவித்துக் குடித்தால் சதையிப் புற்றுநோய்க்கு ஆகும் என்று யாராவது கிளப்பிவிட்டால் நம்பவேண்டாம். கரையாத, அளவு தெரியாத, நச்சான ஒரு பொருள் வயிற்றுக்குள் போகும் என்பதைத் தவிர வேறொன்றும் நடக்காது. செடியிலிருந்து மருந்துக்கு இடையில் இருபது முப்பது ஆண்டு வேலை கிடக்கிறது.

அந்த வேலையில் பெரிய திருப்பம் 1985-ல் வந்தது. லீரோய் லியூவும் அவருடன் இருந்தவர்களும் கம்ப்டோதெசின் உடம்பில் எதைப் பிடிக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். டி.என்.ஏ. முறுக்கேறிய இரட்டை இழை. கலம் பிரிய வேண்டுமானால் இழைகளைப் பிரித்துப் படியெடுக்க வேண்டும். இரட்டைப் புரித் தும்புக்கயிற்றை நடுவில் பிரித்துக்கொண்டே போனால் முன்னால் முறுக்கு இறுகி ஒரு கட்டத்தில் பிரிக்கவே முடியாமல் போகுமே, அதே நிலைதான் அங்கும். அதற்காக டொபோஐசோமரேஸ் 1 என்ற நொதியம் ஓர் இழையை மட்டும் வெட்டி, முறுக்கை அவிழவிட்டு, உடனே ஒட்டிவிடும். கம்ப்டோதெசின் அந்த வெட்டுக்குள் போய்ச் சொருகி, ஒட்டவிடாமல் தடுக்கிறது. வெட்டுப்பட்ட இடத்தில் படியெடுக்கும் பொறி வந்து மோதினால் இழை முழுவதும் அறுந்துவிடும், கலம் சாகும். வேகமாகப் பிரியும் கலங்கள்தான் அதிகம் மாட்டும். புற்றுக்கலங்கள் மாட்டுவதும் அதனால்தான், குடலின் உட்தோலும் எலும்பு மச்சையும் மாட்டுவதும் அதனால்தான்.

இதற்குள் யப்பானில் வேலை நடந்துகொண்டிருந்தது. சின்னப் போத்தலில் புளித்த பால் விற்கும் யாக்குல்ட் நிறுவனத்தின் ஆய்வுகூடம்தான் அந்த இடம். 1983-ல் அவர்கள் கம்ப்டோதெசினின் ஐந்தாவது வளையத்தைத் தொடாமல், மறு முனையில் தண்ணீரை விரும்பும் ஒரு பக்கச் சங்கிலியை மாட்டினார்கள். அப்போது அதன் பெயர் சி.பி.ரி. 11. கரைவதற்காக வளையத்தைத் திறக்க வேண்டிய தேவை இனி இல்லை. அதைவிடப் பெரிய விடயம், மாட்டிய சங்கிலியை உடம்பே கழற்றிக்கொள்ளும். ஏற்றும்போது அது பாதி தூங்குகிற மருந்து. ஈரலில் உள்ள நொதியங்கள் சங்கிலியை வெட்டினால் எஸ்.என். 38 என்ற பொருள் பிறக்கும். தாய் மருந்தைவிடப் பல நூறு மடங்கு வலிமையானது. 1994-ல் யப்பான் அதற்கு அனுமதி கொடுத்தது. 1996-ல் அமெரிக்கா பெருங்குடல் புற்றுநோய்க்கு அனுமதித்தது. ஐரினோடீக்கன் என்ற பெயர் உலகமெங்கும் போனது.

மருந்து இன்றும் மரத்திலிருந்துதான் தொடங்குகிறது. கம்ப்டோதெசினை ஆய்வுகூடத்தில் முழுவதுமாகச் செய்யலாம். ஆனால் மலிவாக வருவது மரத்திலிருந்து எடுத்து மாற்றும் வழியே. எங்கள் ஆசிரியருக்கு ஒரு முறைக்கு எவ்வளவு மரம் என்று கணக்குப் பார்த்தேன். உடற்பரப்பு 1.5 சதுர மீற்றர் என்றால், முழு அளவில் ஒரு தடவைக்கு 270 மில்லிகிராம் ஐரினோடீக்கன். மூலக்கூற்று எடைகளை வைத்துப் பார்த்தால் அதற்கு 139 மில்லிகிராம் கம்ப்டோதெசின் வேண்டும். ஆயிரத்தில் மூன்று பங்கு என்று வைத்தால், துளி இழப்பும் இல்லாமல் செய்ய முடிந்தால்கூட, 46 கிராம் காய்ந்த மரம். ஆறு மாதத்தில் 12 தடவைக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல். உண்மையில் ஒவ்வொரு கட்டத்திலும் இழப்பு உண்டு, ஆகவே இதைப்போலப் பல மடங்கு. ஒரு மனிதருக்கு இது பெரிய விலை அல்ல. உலகத்துக்கெல்லாம் சேர்த்துப் பார்த்தால் அது காடு. மேற்குத் தொடர்ச்சி மலையில், முக்கியமாக மகாராஷ்டிரத்துப் பக்கம், நரக்யாவை வேரோடு பிடுங்கி ஏற்றுமதிக்கு விற்றார்கள். பல இடங்களில் மரம் அருகிப்போனது. எந்த மரத்தில் சத்து அதிகம் என்று தேடி, நட்டு வளர்க்கும் முயற்சிகள் பெங்களூர் ஆய்வாளர்களால் நடந்தன. இது பக்கவிடயமாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒரு நோயாளியின் ஆறு மாதம் இன்னொரு மலையின் காட்டில் கட்டப்பட்டிருக்கிறது. அந்தக் காட்டைத் தொலைத்தால் அடுத்த நோயாளிக்கு விலை கூடும்.

சதையிப் புற்றுநோய்க்கு இந்த மருந்து வந்து சேர்ந்தது மெதுவாக. அதுவரை அந்த நோயிடம் வைத்தியர்களுக்கு இருந்தது சொற்பம். சத்திரசிகிச்சையால் சதையியின் தலைப்பகுதியை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்குழாயின் ஒரு துண்டு ஆகியவற்றோடு சேர்த்து எடுப்பதுதான் முற்றாகக் குணமாக வாய்ப்புத் தரும் ஒரே வழி; 1935-ல் அலன் விப்பிள் எழுதி வெளியிட்டதிலிருந்து அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. ஆனால் நோய் தெரியவரும்போது அதற்கு ஏற்ற நிலையில் இருப்பவர்கள் நூறில் 15 முதல் 20 பேர்தான். மற்றவர்களுக்கு 1990-களில் ஜெம்சைட்டபீன் வந்தது. 1997-ல் வெளியான ஆய்வில் அது கொடுத்த இடைநிலை வாழ்நாள் 5.65 மாதம்; அதற்கு முந்திய மருந்தோடு 4.41. இவ்வளவு சிறிய வித்தியாசம்தான் அன்று முன்னேற்றம் எனப்பட்டது.

2011-ல் பிரான்சின் நான்சி நகரத்துத் தியரி கொன்றோவும் அவருடைய குழுவினரும் 342 நோயாளிகளோடு செய்த ஆய்வு வந்தது. ஒக்சலிபிளாற்றின், ஐரினோடீக்கன், லியூக்கோவோரின், 5-ஃபுளோரோயூராசில் நான்கையும் சேர்த்து இரண்டு வாரத்துக்கொரு முறை. இதன் பெயர் ஃபோல்ஃபிரினொக்ஸ். நோய் பரவியவர்களிடம் இடைநிலை வாழ்நாள் 11.1 மாதம், ஜெம்சைட்டபீன் மட்டும் பெற்றவர்களிடம் 6.8. ஒரு வருடம் தாண்டியவர்கள் நூறில் 48 பேர், மறுபக்கம் 21 பேர். 2018-ல் அதே குழுவினர் சத்திரசிகிச்சை முடிந்தவர்களுக்குச் சற்றுக் குறைத்த அளவில் இதைக் கொடுத்து 54.4 மாதத்துக்கு 35.0 என்று காட்டினார்கள். டக்சோல் வழி வந்த நாப்-பக்ளிற்றக்சலை ஜெம்சைட்டபீனோடு சேர்த்து 2013-ல் வந்த ஆய்வில் 8.5 மாதத்துக்கு 6.7. உடம்பு நான்கு மருந்தையும் தாங்காதவர்களுக்கு அது நல்ல வழி. இந்த எண்களைக் கேட்டு, "இவ்வளவுதானா" என்று சொல்பவர்களை நான் கண்டிருக்கிறேன். பேரப்பிள்ளையின் சாதாரண தரப் பரீட்சை முடிவைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கும் ஒருவருக்கு நான்கு மாதம் என்ன என்பதை அவரிடமே கேட்க வேண்டும். இன்னொன்று: இடைநிலை என்றால் பாதிப் பேர் அதற்கு மேல் போனார்கள் என்று அர்த்தம்.

அந்த 2011 ஆய்வில் யாரைச் சேர்த்தார்கள் என்பதைக் கவனமாகப் படிக்க வேண்டும். 75 வயதுக்கு மேற்படாதவர்கள், எழுந்து நடமாடி அன்றாட வேலை பார்க்கக்கூடியவர்கள், கண்ணை மஞ்சளாக்கும் பிலிருபின் என்ற பொருள் இரத்தத்தில் ஏறத்தாழ வழமையான அளவில் உள்ளவர்கள். கடைசி நிபந்தனைதான் எங்கள் ஊரில் பலரை வெளியே நிறுத்துகிறது.

எஸ்.என். 38 ஈரலில் பிறக்கிறது, ஈரலிலேயே யூ.ஜி.ரி. 1ஏ1 என்ற நொதியத்தால் செயலிழக்கச் செய்யப்படுகிறது, பிறகு பித்தநீரோடு குடலுக்குப் போகிறது. பிலிருபினும் அதே நொதியத்தால்தான் மாற்றப்பட்டு அதே குழாயால் போகிறது. சதையியின் தலைப்பகுதியில் கட்டி வளர்ந்தால் முதலில் நெரிபடுவது அந்தப் பித்தக்குழாய். கண் மஞ்சளாகும், சிறுநீர் கடுஞ்சாயமாகும், மலம் வெளிறும், உடம்பெல்லாம் கடிக்கும். வலி பெரும்பாலும் இருக்காது. வெளியேறும் வழி அடைபட்டிருக்கும்போது இந்த மருந்தை ஏற்றினால் அது உடம்புக்குள்ளேயே தேங்கி ஆளைக் கொல்லலாம். ஆகவே எந்த மருந்து, எந்தக் கூட்டு என்ற பேச்செல்லாம் பிந்தியது. முதலில் குழாய் திறக்க வேண்டும். வாய் வழியாகக் குழாய்க் கமரா விட்டு, பித்தக்குழாய்க்குள் பிளாஸ்ரிக் அல்லது உலோக ஸ்ரென்ற் வைப்பார்கள். பிலிருபின் இறங்கச் சில வாரம் எடுக்கும்.

எங்கள் ஆசிரியர் அந்தச் சில வாரங்களை வேறிடத்தில் கொடுத்துவிட்டார். கண் மஞ்சளானதும் செங்கண்மாரி என்று சொல்லி, ஒன்றரை மாதம் கீழ்காய்நெல்லி அரைத்த மோரும் பத்தியமும். இளவயதில் வைரஸால் வரும் செங்கண்மாரி பெரும்பாலும் தானாகவே அடங்கும், ஆகவே அரைத்துக் கொடுத்தவருக்குப் பெயரும் கிடைக்கும். ஐம்பது தாண்டியவருக்கு, வலியில்லாமல், நிறை குறைந்துகொண்டே வரும் செங்கண்மாரி வேறு நோய். அதோடு புதிதாகச் சீனி வருத்தமும் தலைகாட்டினால் அன்றே ஸ்கான் வேண்டும். இதை உவர்மலையில் மட்டுமல்ல, கிண்ணியாவில், மூதூரில், நிலாவெளியில், எங்கு பேச வாய்த்தாலும் சொல்கிறேன். அவருக்கு ஸ்ரென்ற் வைத்து, பிலிருபின் இறங்கி, மருந்து தொடங்கியபோது, அவர் மெலிந்துபோயிருந்தார். நல்லவேளை, நடமாடும் தெம்பு மிஞ்சியிருந்தது.

மருந்தின் பயணம் பித்தநீரோடு முடிவதுமில்லை. செயலிழக்கப்பட்ட எஸ்.என். 38 குடலுக்குள் வந்ததும், அங்கே வாழும் பற்றீரியாக்கள் தங்கள் நொதியத்தால் பூட்டைக் கழற்றி அதை மறுபடி உயிர்ப்பிக்கின்றன. குடலின் உட்தோல் வெந்துபோகிறது. இந்த மருந்தின் பேர்போன வயிற்றோட்டம் பெரும்பாலும் அப்படி வருவது. அதில் இரண்டு வகை உண்டு. மருந்து ஏறும்போதோ அன்றைக்கோ வியர்த்து, கண்ணீரும் எச்சிலும் வழிந்து, வயிறு முறுக்கி வருவது ஒன்று. அதற்கு அற்றோபீன் ஊசி. ஒரு நாளுக்குப் பிறகு வீட்டில் வைத்து வருவது மற்றது. அதற்கு லோபரமைட், முதலில் இரண்டு குளிசை, பிறகு வழக்கத்தைவிட நெருக்கமாக, வைத்தியர் எழுதித் தந்தபடி. முதல் இளகலிலேயே தொடங்க வேண்டும். விடியட்டும் என்று பார்த்தால் உடல் வற்றிவிடும். அந்த நாட்களில் காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் போட்டுவிட்டுப் படுக்கக் கூடாது. வெண்குருதிக்கலங்கள் விழுந்திருக்கலாம். நடுச்சாமமாக இருந்தாலும் கிளினிக் கொப்பியோடு பக்கத்து அரச வைத்தியசாலைக்குப் போய், கீமோ எடுப்பவர் என்பதை வாசலிலேயே சொல்ல வேண்டும். சிலருக்கு யூ.ஜி.ரி. 1ஏ1 பிறப்பிலேயே பலவீனம். பட்டினி கிடந்தால் கண் இலேசாக மஞ்சள் தட்டும் பரம்பரை. தெற்காசியாவில் அது அரிதல்ல. அப்படி வீட்டில் யாருக்காவது இருந்தால் வைத்தியரிடம் முன்கூட்டியே சொன்னால் அளவைக் குறைத்துத் தொடங்குவார்.

ஈரலிலேயே பிறக்கும் புற்றுநோய்க்கும் இதே மருந்தா என்று கேட்கிறார்கள். இல்லை. சதையியிலிருந்தோ பெருங்குடலிலிருந்தோ ஈரலுக்குப் பரவியது வேறு, ஈரலில் பிறந்தது வேறு. இலங்கையில் ஈரல் புற்றுநோயின் பின்னால் ஹெபடைற்றிஸ் வைரஸைவிடக் கொழுப்பு ஈரலும் நீரிழிவும் மதுவுமே அதிகம் நிற்கின்றன. கட்டி சிறிதாயிருந்து ஈரலும் தாங்குமென்றால் வெட்டி எடுக்கலாம், அல்லது ஊசி போன்ற மின்முனையால் சுட்டு அழிக்கலாம். ஐந்து சென்ரிமீற்றருக்கு மேற்படாத ஒரு கட்டி, அல்லது மூன்றுக்கு மேற்படாத மூன்று கட்டிகள் என்ற மிலான் அளவுகோலுக்குள் இருந்தால் ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சைக்கு யோசிப்பார்கள்; ராகமை வட கொழும்புப் போதனா வைத்தியசாலையில் அது நடக்கிறது. பெரிதானால் கட்டிக்குப் போகும் நாடியை மருந்தோடு அடைப்பார்கள். அதற்கும் அப்பால் மாத்திரைகள், பிறகு வந்த நோயெதிர்ப்பு மருந்துகள். அந்த மாத்திரைகளில் முதலாவதான சொராஃபெனிப் கதையில் சென்னைக்கு ஓர் இடமுண்டு. மாதத்துக்கு இந்திய ரூபாய் 2,80,000 விலையில் இருந்ததை, 2012 மார்ச்சில் நாற்கோ நிறுவனம் 8,880-க்குச் செய்ய இந்தியா கட்டாய உரிமம் கொடுத்தது. அதைச் சென்னையிலிருந்த அறிவுசார் சொத்துரிமை மேன்முறையீட்டு வாரியம், பிரபா ஸ்ரீதேவன் தலைமையில், 2013 மார்ச்சில் உறுதிசெய்தது. மலிவு மருந்து தானாக வரவில்லை. யாரோ வழக்கில் நின்றார்கள்.

ஐரினோடீக்கன் உவர்மலைக்காரருக்கு இலவசமாகக் கிடைப்பதன் பின்னாலும் அப்படி ஒருவர் நிற்கிறார். பேராசிரியர் சேனக பிபிலே 1971-ல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராகி, வணிகப் பெயரை விட்டு மூலப்பெயரில் உலகச் சந்தையில் விலைமனு கோரி மொத்தமாக வாங்கும் முறையை ஏற்படுத்தினார். அந்த முறையில்தான் இந்தியத் தயாரிப்பு மருந்துகள் நம் வார்டுகளை நிரப்புகின்றன. 2022-ல் டொலர் வற்றியபோது புற்றுநோய் வார்டுகள் உட்பட எல்லா இடத்திலும் மருந்து வற்றியதையும் பார்த்தோம். மருந்து வாங்குவதை ஒரு நாடு எப்படிச் செய்கிறது என்பது நோயாளியின் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

மருந்து இருந்தாலும் மிச்சம் இருப்பது வீதி. திருகோணமலையிலிருந்து புற்றுநோயாளிகள் மட்டக்களப்புக்கும் கண்டிக்கும் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கும், தெல்லிப்பளைக்கும் போகிறார்கள். தெல்லிப்பளை வைத்தியசாலைக்காக 2011-ல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாள் நடந்து பணம் சேர்த்தார்கள். மட்டக்களப்புக்குக் கிண்ணியா வழியாகப் போக ஒரு காலத்தில் 'பாதை' என்ற மிதவையில் ஏறிக் கடக்க வேண்டும். 2009 ஒக்டோபரில் பாலம் திறந்தது. மஹரகமவுக்கு இரவு ரயிலிலோ, அநுராதபுரச் சந்தியால் ஏறும் பஸ்ஸில் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை என்றோ ஒரு முழு இரவு. நான்கு மருந்துக் கூட்டில் கடைசி மருந்து 46 மணித்தியாலம் மெல்ல மெல்ல ஏற வேண்டும். கையில் கொண்டு திரியும் பம்ப் இல்லாத இடங்களில் வார்டில் இரண்டு இரவு. இதை இரண்டு வாரத்துக்கொரு முறை. பலர் மருந்து பிடிக்காமல் நிறுத்துவதில்லை. பயணம் தாங்காமல் நிறுத்துகிறார்கள்.

மூலக்கூறு இன்னும் நிற்கவில்லை. கொழுப்புக் குமிழுக்குள் அடைத்த ஐரினோடீக்கன் 2015-ல் வந்தது; முதல் மருந்து பலன் தராமல் போனவர்களில் 4.2 மாதத்தை 6.1 ஆக்கியது. 2024-ல் அதையே முதல் சிகிச்சையிலும் சேர்க்க அமெரிக்கா அனுமதித்தது. இப்போது கம்ப்டோதெசின் குடும்பத்து நச்சைப் பிறபொருளெதிரியில் மாட்டி, கட்டியின் மேற்பரப்பில் குறிப்பிட்ட புரதம் இருக்கும் கலத்துக்கு மட்டும் அனுப்புகிறார்கள். மார்புப் புற்றுநோயில் அது பெரிய மாற்றம் செய்திருக்கிறது. 1970-களில் சிறுநீர்ப்பையில் போய் விழித்த மருந்தை, சரியான வாசலில் விழிக்க வைக்கும் வேலைதான் இதெல்லாம்.

எங்கள் ஆசிரியரின் நான்காவது தடவைக்குப் பிறகு எடுத்த ஸ்கானில் ஈரலில் இருந்தவை சிறுத்திருந்தன. ஆனால் ஐந்தாவது தடவைக்கு இரவெல்லாம் பயணம் செய்து போய், அங்கே இரத்தம் எடுத்துப் பார்த்தால் நியூற்றோபில் என்ற வெண்குருதிக்கலங்களின் எண்ணிக்கை போதவில்லை. ஒரு வாரம் கழித்து வரச்சொன்னார்கள். போன வழியே திரும்பினார். பொதுவாக நியூற்றோபில் 1,500-க்கும் குருதிச் சிறுதட்டுக்கள் 75,000-க்கும் கீழே இருந்தால் ஏற்றமாட்டார்கள். இப்போது அவருடைய மகள் முந்திய நாளே திருகோணமலையில் இரத்தப் பரிசோதனை செய்து, முடிவைத் தொலைபேசியில் வார்டுக்கு வாசித்துச் சொல்லி, வாருங்கள் என்றால் மட்டும் ரயில் ஏற்றுகிறாள். இதே வழியில் போகிற மற்றவர்களும் தங்கள் வார்டில் இப்படிச் செய்யலாமா என்று கேட்டுப் பார்க்கட்டும்.